ஞானிக்கு நாமஜபம் எதற்கு?

கேள்வி: மனம் அடங்கும் வரைக்கும்தானே நாமஜபம்? ஆற்றைக் கடந்தவர் தோணியைச் சுமப்பதில்லை. காஞ்ஞங்காடு சுவாமி ராமதாஸ் இறையனுபவம் வாய்த்த பின்னரும் ராம நாமத்தை விடாதிருந்தது, சீடர்களின் பொருட்டுச் செய்த பாவனை என்றுதானே கொள்ள வேண்டும்?
(ஒரு வாசகர், கல்பாத்தி, பாலக்காடு)

பதில்: அப்படிக் கொள்வதற்கில்லை. 'பாவனை' என்ற சொல்லை அவருடைய வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள், எங்கே ஒட்டுகிறது? தொழிலிலும் குடும்பத்திலும் சோதனைகள் சூழ்ந்திருந்த நாளில் தந்தையார் உபதேசித்த ராம மந்திரத்துக்கு முன்னால் 'ஓம்' என்ற பிரணவத்தைத் தாமே சேர்த்துக்கொண்டு, அதை மட்டுமே துணையாக நம்பி 1922-ஆம் ஆண்டின் இறுதியில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் அவர். ஸ்ரீரங்கத்தில் காவிரியில் நீராடிக் காவி உடுத்தியபோது எதிரில் நின்று தீட்சை கொடுக்க ஒருவரும் இல்லை. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் அருட்பார்வை கிடைத்த பிறகு அவர் செய்தது என்ன? அருணாசலக் குகை ஒன்றில் தங்கி, ஏறத்தாழ மூன்று வாரம் இரவும் பகலும் அதே நாமத்தைச் சொன்னார். காணும் யாவும் ராமனே என்ற அனுபவம் அந்த ஜபத்தின் நடுவில்தான் வாய்த்தது. மரங்களைக்கூட ஓடிச்சென்று தழுவிக்கொண்டார். 1931-இல் காஞ்ஞங்காட்டில் ஆனந்தாசிரமம் அமைந்தது முதல் 1963-இல் உடலை விடும் வரை, அவரைச் சுற்றி ஒலித்ததும் அதே நாமம்தான்.

தோணி உவமையை இங்கே கொண்டுவருவதில்தான் பிழை நேர்கிறது. கூட்டத்தில் தவறிப்போன குழந்தை 'அம்மா' என்று அழுது அழைக்கிறது. தாயின் மடிக்கு வந்து சேர்ந்த பிறகும் 'அம்மா' என்றே அழைக்கிறது. சொல் ஒன்றுதான், முதல் அழைப்பில் தவிப்பு, அடுத்ததில் நிறைவு. அந்த இரண்டாவது அழைப்பையா நாம் பாவனை என்போம்?

'நான் யார்' என்ற விசாரணையையே வழியாகக் காட்டிய ரமணரும், அடியார்கள் பிட்சைக்குச் செல்லும்போது பாடுவதற்கென்று அருணாசல நாமம் நிறைந்த அட்சரமணமாலையை இயற்றித் தந்தார். 1950 ஏப்ரல் 14 இரவு, அவருடைய கடைசி நேரத்தில், வெளியே அடியார்கள் 'அருணாசல சிவ' என்று அதையே பாடியபோது அவர் கண்களில் நீர் வழிந்தது. ஞானிக்கு நாமம் கடந்துபோன ஒன்று என்றால், அந்தக் கண்ணீருக்கு நீங்கள் என்ன விளக்கம் சொல்வீர்கள்?

தங்கள் அக்கிரகாரத்து பஜனையில் தோடயமங்களம் என்னும் தொடக்கத் துதிப்பாடல்களோடு தொடங்கும்போதே வணங்கப்படும் போதேந்திரர், உயிரும் பரம்பொருளும் ஒன்றே என்னும் அத்வைத நெறியில் நின்ற துறவி. இறைவன் நாமத்தைச் சொல்வதே முக்திக்குப் போதும் என்னும் நாம சித்தாந்தத்தை நிலைநாட்டியவரும் அவரே. இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவர் கருதவில்லை.

உங்கள் ஐயத்தில் ஒரு நியாயம் உண்டு. எண்ணிக்கையே குறியாக உதடு மட்டும் அசைகிற ஜபத்தைப் பார்த்துச் சலித்து இதைக் கேட்டிருக்கலாம். அந்தக் குறை நம்மைப் போன்றவர்களுடையது. அதை ஒரு குருவின் மேல் ஏற்றுவது தகாது.

பாலக்காட்டிலிருந்து மங்களூர் செல்லும் ரயில்கள் பலவும் காஞ்ஞங்காட்டில் நிற்கின்றன. ஆனந்தாசிரமத்தில் இன்றும் நாள் முழுவதும் ராம நாமம் ஒலிக்கிறது. ஒரு நாள் அங்கே அமர்ந்து கேட்டுவிட்டு வந்து, அப்போதும் இதே கேள்வி மனத்தில் இருந்தால் மறுபடியும் எழுதுங்கள்.