வாரத்துக்கு ஒரு மாத்திரை, கவரில் தினம் ஒன்று

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிடச் சொல்லி மருத்துவர் எழுதியிருந்தார். மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்த கவரிலோ ‘1-0-0’, அதாவது தினமும் காலையில் ஒன்று, என்று போட்டுவிட்டார்கள். ஆறு நாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். வாயெல்லாம் புண், காய்ச்சல். அதே மருத்துவமனையில் எட்டு நாள் வைத்திருந்து தேற்றி அனுப்பினார்கள். அதற்கும் பில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். கேட்டால், "கவுன்டர் பையன் புதுசு, வேலையை விட்டு நிறுத்திவிட்டோம்" என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள், "ஒரு பையன் பிழைப்பு போனதே போதும், விட்டுவிடு" என்கிறார்கள். விடலாமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: விடாதீர்கள். அந்தப் பையனுக்காகவும்தான் சொல்கிறேன்.

வாரம் ஒரு நாள் என்பது தினமும் ஒன்றாக மாறினால் இந்த மருந்து ரத்த அணுக்களையே குறைத்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். வாய்ப்புண்ணும் காய்ச்சலும் அதன் அறிகுறிகள். அப்பத்தா பிழைத்து வந்தது பெரிய விஷயம். உலகம் முழுக்க மருந்தாளுநர்களுக்கு நன்றாகத் தெரிந்த பிழை இது. மருந்துப் பிழைகளைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தனி இயக்கமே தொடங்கியது. ஆகவே, ‘புதுப் பையனுக்குத் தெரியவில்லை’ என்பது பதில் ஆகாது. தெரியாதவரை அந்த மருந்துக்குப் பக்கத்தில் யார் உட்கார வைத்தது?

நாள் முழுக்க கவரில் 1-0-0, 1-0-1 என்றே எழுதும் கை, வார மாத்திரைக்கும் அதையே எழுதிவிடும். தைராய்டுக்கான கார்பிமசோலும் வலிப்புக்கான கார்பமாசிபைனும் ஒரே தட்டில் இருந்தால், அவசரத்தில் கை மாறும். அனுபவசாலிக்கும் இது நடக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட மருந்துகளைத் தனிப் பெட்டியில் வைப்பார்கள், கொடுக்குமுன் இன்னொருவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், கவரில் ‘புதன்கிழமை மட்டும்’ என்று கிழமையை எழுதுவார்கள். பையனை நிறுத்தியதால் இதில் எது அங்கே வந்தது? அதே நாற்காலியில் நாளை இன்னொரு புதுப் பையன் உட்காருவான். மிச்சமிருக்கும் ஊழியர்கள் கற்றுக்கொண்டதோ, தப்பு நடந்தால் வாயைத் திறக்கக்கூடாது என்பதுதான். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவுபெற்ற மருந்தாளுநர். அன்று கவுன்டரில் இருந்தவர் பதிவு பெற்றவரா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளருக்கு மனு கொடுங்கள்.

இழப்பீட்டை மருத்துவமனையிடம்தான் கேட்க வேண்டும், பையனிடம் அல்ல. ஊழியர் வேலையில் செய்த பிழைக்கு நிர்வாகமே பொறுப்பு. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. முதலில் எழுத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: அந்த எட்டு நாள் சிகிச்சைக்கு வாங்கிய பணம் திரும்ப வேண்டும், மருந்தகத்தில் இனி என்ன மாற்றியிருக்கிறார்கள் என்பதும் வேண்டும். ஒத்துவராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. மருத்துவமனைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள்.

அந்தக் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. மருத்துவர் சீட்டு, மீதி மாத்திரையோடு அட்டை, இரண்டு பில்களும், டிஸ்சார்ஜ் சம்மரியும் சேர்த்து வையுங்கள். சிகிச்சைப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

அப்புறம் ஒன்று. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வயதானவர்கள் எல்லா மாத்திரையையும் ஒரே ஓலைக் கொட்டானில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வார மாத்திரையை மட்டும் அதிலிருந்து எடுத்துத் தனி டப்பாவில் வையுங்கள். மருந்து வாங்கிய அன்றே சீட்டையும் கவரையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்து மாத்திரை அட்டையில் மூன்றை வெட்டிக் கொடுக்கிறார்கள். பெயரும் காலாவதி தேதியும் போய்விடுகின்றன. வாங்கலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: பெயரும் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அது ஏற்கெனவே போயிருந்தால், வேறு அட்டையிலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். பேட்ச் எண் அதில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.