ஓவனில் இறால் வான்டன்: நமுத்துப் போகாமல் எடுப்பது எப்படி?

எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் சுட்டெடுத்த இறால் வான்டன் செய்முறையைப் போன வாரம் போட்டிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "மொறுமொறுன்னு வரலைக்கா." அவசரத்தில் சுருக்கி எழுதியது என் தப்பு. இன்றைக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி. வான்டன் என்றால் மெல்லிய மைதாத் தோலில் இறால், நண்டு, கோழி என்று எதையாவது வைத்து மடிப்பது. கான்டனீஸ் என்கிற சீன மொழியில் அதை எழுதும் இரண்டு எழுத்துகளுக்கு 'மேகம்', 'விழுங்கு' என்று பொருள். சூப்பில் மிதக்கிற வான்டனைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். நாம் செய்யப்போவது மேகம் இல்லை, அப்பளம் ஜாதி.

மதுரையிலிருந்து: நீங்க சொன்ன மாதிரியே 200 டிகிரியில் 12 நிமிஷம் வைத்தேன் அக்கா. ஓரமெல்லாம் கருகிவிட்டது, நடுவில் தோல் கொழகொழவென்று இருந்தது. என் ஓவன் சரியில்லையா?

ஓவன் மேல் பழி போடாதீங்கம்மா. இறாலில் முக்கால் பங்கு தண்ணீர்தான். சூடு ஏறியதும் அது வெளியே வரும். பொரிக்கும்போது 180 டிகிரி எண்ணெய் நாலு பக்கமும் சூழ்ந்து அந்த ஈரத்தை விரட்டிவிடும். ஓவனுக்குள் இருப்பது வெறும் சூடான காற்று, அதற்கு அந்த வேகம் கிடையாது. அதனால் தண்ணீரை நாமேதான் முன்கூட்டிக் குறைக்க வேண்டும்.

இறாலைக் கழுவியதும் சல்லடையில் அரை மணி நேரம் வடிய விடுங்கள். பிறகு டிஷ்யூவில் பரப்பி, மேலே இன்னொரு டிஷ்யூ வைத்து அழுத்துங்கள். உரித்த இறால் 250 கிராம் என்றால் பாதியைக் கத்தியின் பக்கவாட்டால் நசுக்கிக் கூழாகக் கொத்துங்கள், மீதியைச் சின்னத் துண்டாக நறுக்குங்கள். அரை டீஸ்பூன் உப்பு சேர்த்து, கையால் ஒரே பக்கமாக மூன்று நான்கு நிமிஷம் சுற்றிப் பிசைந்தால் பசை மாதிரி விரலில் ஒட்ட ஆரம்பிக்கும். உப்பு இறாலின் புரதத்தைக் கரைத்து இழுக்கிறது. அந்தப் பசைதான் வேகும்போது தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கிறவர்களுக்குத்தான் நடுவில் கொழகொழப்பு வருகிறது.

அதற்குப் பிறகு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், அரை டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் வெள்ளை மிளகுத்தூள், ஒரு டீஸ்பூன் துருவிய இஞ்சி, இரண்டு மேசைக்கரண்டி பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், அரை டீஸ்பூன் சீன எள்ளெண்ணெய். முட்டைக்கோஸ் போட ஆசை இருந்தால் உப்பில் பிசறிப் பத்து நிமிஷம் கழித்துப் பிழிந்து போடுங்கள். அப்படியே போட்டால் மறுபடியும் இதே கேள்வியோடு வருவீர்கள்.

அதே மதுரை வாசகி: மடிக்கிற விதம் முக்கியமா? நான் பணமூட்டை மாதிரி சுருட்டினேன்.

அதுதான் இரண்டாவது காரணம். பணமூட்டை படத்துக்கு அழகு, ஓவனுக்கு ஆகாது. கழுத்தில் தோல் நாலைந்து மடிப்பாகச் சேர்கிறது இல்லையா, அந்த இடம் மாவாகவே நிற்கும். அது வேகிற வரை வைத்தால் நுனி கருகும். ஓவனுக்குத் தட்டையான முக்கோணம்தான் நல்லது. ஒரு டீஸ்பூன் பூரணம், அதுவும் கோபுரமாக இல்லாமல் லேசாகப் பரப்பி வையுங்கள். ஓரத்தில் தண்ணீர் தொட்டு, பூரணத்தை ஒட்டி விரலால் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூடுங்கள். இரண்டு பக்கமும் எண்ணெயை பிரஷ்ஷால் பூசுங்கள். தோலில் ஒரு இடம் வெள்ளையாகக் காய்ந்து தெரிந்தாலும் அந்த இடம் அட்டை மாதிரி ஆகிவிடும்.

தட்டை ஓவனோடு சேர்த்தே 200 டிகிரிக்குச் சூடாக்கி, சுடச்சுட இருக்கும்போதே வான்டனை அடுக்குங்கள். வைத்ததும் லேசாகச் 'சுர்' என்று கேட்க வேண்டும். 7 நிமிஷத்தில் திருப்பிவிட்டு, இன்னும் 4 அல்லது 5 நிமிஷம்.

சென்னையிலிருந்து: இங்கே எல்லாக் கடையிலும் வான்டன் ஷீட் கிடைப்பதில்லை. வீட்டிலேயே தோல் செய்யலாமா? சமோசாப் பட்டி போதுமா?

வீட்டிலேயே செய்யலாம், கை வலிக்கும். மைதா 250 கிராம், ஒரு முட்டை, அரை டீஸ்பூன் உப்பு, 80 மில்லி அளவுக்குத் தண்ணீர். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, ஏறக்குறைய பூரி மாவு பதம். ஈரத்துணி மூடி 30 நிமிஷம் விட்ட பிறகு, கார்ன்ஃப்ளார் தூவித் தேய்க்க வேண்டும். கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிகிற அளவுக்கு மெலிய வேண்டும். தேய்க்க மைதாவையே தூவினால் தோல் அதை உறிஞ்சிக்கொண்டு தடித்துப் போகும்.

சமோசாப் பட்டி தாராளமாகப் போதும். அது ஏற்கெனவே கல்லில் அரைவேக்காடாக வாட்டி எடுத்தது. ஓவனில் இன்னும் நன்றாகவே மொறுமொறுப்பாகும் என்பேன். சமோசாவுக்கு மடிக்கிற மாதிரியே முக்கோணமாக மடியுங்கள், ஆனால் நீளத்தில் பாதியை வெட்டிவிடுங்கள். முழு நீளத்தையும் சுற்றினால் உள்ளே இருக்கும் மடிப்பு வேகாது. சீனப் பெயர் வேண்டாம் என்றால் இறால் சமோசா என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கோவையிலிருந்து: எள்ளெண்ணெய் என்றால் நம்ம நல்லெண்ணெய்தானே?

இல்லை தம்பி. நம்முடைய செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது. சீன எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது. நிறம் கருப்புக் காபி மாதிரி, வாசனை எள்ளுருண்டை மாதிரி, அரை டீஸ்பூன் போதும். கிடைக்காவிட்டால் ஒரு ஸ்பூன் எள்ளைச் சிவக்க வறுத்துப் பொடித்துப் பூரணத்தில் சேர்த்துவிடுங்கள். நல்லெண்ணெயை அதற்குப் பதில் ஊற்றினால் வான்டனில் இட்லிப்பொடி வாசனை வரும்.

திருச்சியிலிருந்து: போன வாரப் படத்தில் வான்டன் தோல் கிண்ணம் மாதிரி இருந்ததே, அதற்கு மினி மஃபின் தட்டு என்னிடம் இல்லை. இட்லித் தட்டில் வைக்கலாமா?

இந்தக் கேள்வி கேட்டவருக்கு ஒரு தட்டு வான்டன் பார்சல் அனுப்ப வேண்டும். வைக்கலாம்! நான் செய்து பார்த்தேன். எவர்சில்வரோ அலுமினியமோ, பிளாஸ்டிக் பிடி இல்லாத தட்டாக இருக்க வேண்டும். குழியில் எண்ணெய் தடவி, தோலின் இரு பக்கமும் எண்ணெய் பூசி, குழிக்குள் லேசாக அழுத்தி வையுங்கள். நாலு மூலையும் பூ இதழ் மாதிரி மேலே நிற்கும். 180 டிகிரியில் 6 முதல் 8 நிமிஷம். இட்லித் தட்டின் ஓட்டை வழியாக அடியில் இருக்கும் ஆவி போய்விடுவதால் அடிப்பக்கமும் நன்றாகக் காய்கிறது. குழி ஆழம் குறைவு, அதனால் கிண்ணம் அகல் விளக்கு மாதிரி வரும். பூரணம் கொஞ்சம் கம்மியாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

கிண்ண முறையின் வசதி என்னவென்றால் தோலைத் தனியாகச் சுட்டு, பூரணத்தைத் தனியாக வேகவைத்து, பரிமாறும்போது சேர்த்துக்கொள்ளலாம். முதல் தடவை செய்கிறவர்களுக்கு முக்கோணத்தைவிட இதைத்தான் சொல்வேன்.

ராமநாதபுரத்திலிருந்து: எங்கள் ஊரில் நண்டுக்குப் பஞ்சமில்லை. நண்டு வைத்தால் எப்படி?

கொடுத்து வைத்தவர்! ஆனால் ஒரு கிலோ நண்டில் கால் கிலோ சதை தேறினாலே பெரிது, மனதைத் தேற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள். ஆவியில் 12 நிமிஷம் வேகவைத்து, ஆறிய பிறகு சதையை எடுங்கள். ஓட்டுத் துணுக்கு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். எடுத்த சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு எவர்சில்வர் தட்டில் அரை அடி உயரத்திலிருந்து உதிர்த்துப் போடுங்கள். சதை சத்தமில்லாமல் விழும், ஓடு 'டிங்' என்னும். டிவியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

நண்டு ஏற்கெனவே வெந்தது என்பதால் கிண்ண முறைதான் பொருத்தம். வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு போட்டு வாணலியில் பொடிமாஸ் மாதிரி ஈரம் வற்றக் கிளறி, சுட்ட கிண்ணத்தில் நிரப்புங்கள். அதே மாதிரி சுறாப்புட்டு. இதை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன், மிச்சமிருந்த சுறாப்புட்டைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்ததும் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். அது இயல்பிலேயே உதிரி உதிரியாக இருக்கும், ஈரமே கிடையாது. இவ்வளவு நாள் சீனப் பூரணத்தோடு மல்லுக்கட்டியது எதற்கு என்று தோன்றியது.

கடலூரிலிருந்து: என் தாத்தா ரங்கூனிலிருந்து வந்தவர். 'கிராப் ரங்கூன்' என்று ஒரு வான்டன் இருக்கிறதாமே, அது பர்மாக்காரர்கள் சாப்பாடா?

பேர்தான் ரங்கூன், ஊர் அமெரிக்கா. விக்டர் பெர்கெரோன் என்பவர் கலிஃபோர்னியாவில் நடத்திய டிரேடர் விக்ஸ் உணவகத்தின் மெனுவில் 1950களில் இருந்தது. நண்டோடு க்ரீம் சீஸ் கலந்து வைத்துப் பொரிப்பது. பர்மியச் சமையலில் க்ரீம் சீஸுக்கு இடமே கிடையாது. உங்கள் தாத்தா சாப்பிட்டதன் சாயல் வேண்டுமென்றால் சென்னை பர்மா பஜார் பக்கம் போய் அத்தோ என்கிற நூடுல்ஸ் சாப்பிடுங்கள், ரங்கூனிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்தது அது.

இருந்தாலும் கிராப் ரங்கூன் ருசியாகத்தான் இருக்கும். 150 கிராம் நண்டுச் சதைக்கு 100 கிராம் க்ரீம் சீஸ். அதற்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரைப் போடலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம், சூட்டில் திரிந்து நீர் விடும்.

டொராண்டோவிலிருந்து: அக்கா, இங்க நாங்கள் வாங்கிறது எல்லாம் ஐஸ் றால்தான். அதில செய்யலாமோ?

தாராளமாகச் செய்யலாம். முதல் நாள் இரவே சல்லடையில் போட்டு, கீழே ஒரு பாத்திரம் வைத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். காலையில் கீழே நிற்கிற தண்ணீரைப் பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள். றாலில் கண்ணாடி மாதிரி ஒரு பனி உறை இருக்கும், அது எல்லாம் தண்ணீர்தான். கால் டீஸ்பூன் சமையல் சோடா பிசறி 15 நிமிஷம் வைத்துக் கழுவினால் ஐஸ் றாலுக்கும் கடித்தால் 'நறுக்' என்கிற பதம் வரும். கழுவியதும் மறுபடி நன்றாகத் துடைக்க மறக்காதீர்கள். ஐஸ் விட்ட றாலில் செய்த பச்சை வான்டனைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

பெங்களூரிலிருந்து: கிராப் ஸ்டிக் போடலாமா? மகனுக்கு நண்டு ஒவ்வாமை, கிராப் ஸ்டிக் மீன்தானே என்று கடைக்காரர் சொன்னார்.

மகனுக்குக் கொடுக்காதீர்கள். கிராப் ஸ்டிக் மீன் கூழில் செய்வது என்பது உண்மை. ஆனால் வாசனைக்காக நண்டுச் சாறு சேர்க்கிற தயாரிப்புகள் நிறைய உண்டு. முட்டை வெள்ளையும் கோதுமையும்கூட இருக்கும். அவனுக்குக் கோழி வைத்து, வேறு தட்டில், வேறு பிரஷ் பயன்படுத்திச் செய்யுங்கள்.

ஈப்போவிலிருந்து: ஏர்ஃப்ரையர்?

180 டிகிரி, 7 நிமிஷம், நடுவில் ஒருமுறை திருப்ப வேண்டும். வெறும் கிண்ணத்தை அதில் சுடாதீர்கள். மின்விசிறிக் காற்றில் பறந்துபோய் மேலே கம்பியில் ஒட்டிக் கருகும். எனக்கு அப்படி ஆகி வீடு முழுக்கப் புகை.

சேலத்திலிருந்து: ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வருகிறார்கள். முன்கூட்டியே செய்து வைத்தால் நமுத்துப் போகுமே?

போகும். நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். வீடு மாறியபோது அறுபது வான்டன் சுட்டு, சூடு ஆறக்கூடாதே என்று ஹாட்பாக்ஸில் அடுக்கி மூடிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் அறுபதும் மழையில் நனைந்த அப்பளம். அதன் ஆவியே அதைக் கெடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "சூப் எங்கே?" என்று கேட்டார்.

நீங்கள் கிண்ணத்தைச் சனிக்கிழமையே சுட்டு, முழுக்க ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஞாயிறு காலை பூரணத்தை வதக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். விருந்தாளிகள் செருப்பைக் கழற்றும்போது பூரணத்தை ஆவி பறக்கச் சூடாக்கி, கிண்ணத்தில் நிரப்பி, 180 டிகிரியில் 4 நிமிஷம். முக்கோணம்தான் வேண்டும் என்றால், ஐஸில் வைக்காத புது இறாலில் மடித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லான பிறகு டப்பாவுக்கு மாற்றலாம். ஐஸ் விடவைக்காமல் அப்படியே எண்ணெய் பூசிச் சுடுங்கள், 3 நிமிஷம் கூடுதலாகும். எதை எடுத்தாலும் கம்பி வலை மேல் ஆறவிடுங்கள், மூடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து: தொட்டுக்கொள்ள என்ன?

இனிப்புச் சில்லி சாஸ் கடையில் கிடைக்கும். என் வீட்டில் புளி, வெல்லம், வரமிளகாய், ஒரு பல் பூண்டு போட்டுக் கெட்டியாகக் கொதிக்க வைத்த சட்னிதான். தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வான்டன் மேல் ஊற்றிவிடாதீர்கள்.