இறுக்கமான இன்டேக் ரப்பர் குழாயை எப்படி மாட்டுவது?

கேள்வி: 25 வருடப் பழைய காரின் இன்ஜினை நானே பிரித்து வேலை பார்க்கிறேன். காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரிலிருந்து, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரோட்டில் பாடிக்குப் போகும் மடிப்பு ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்ததால் புதிது வாங்கினேன். அரை நாள் தள்ளிப் பார்த்தும் ஏறவில்லை. தவறான குழாயை வாங்கிவிட்டேனா? கிரீஸ் தடவினால் ஏறுமா?

பதில்: பெரும்பாலும் சரியான குழாய்தான். பழைய குழாயின் வாயோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சந்தேகம் வந்திருக்கும். அது பல வருடம் சூட்டில் விரிந்தே கிடந்து, அந்த அளவிலேயே இறுகிப் போனது. அதை அளவுகோலாக எடுக்காதீர்கள். த்ரோட்டில் பாடி வாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, புதுக் குழாயின் உள்விட்டத்தோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் சிறியதாக இருந்தால் அதுதான் முறை. அந்த இறுக்கம்தான் காற்றுக் கசிவைத் தடுக்கிறது. குழாயைச் சுற்றி இறுக்கும் கிளாம்ப் அதற்குத் துணை மட்டுமே.

கிரீஸ் வேண்டாம். இன்ஜின் ஆயிலும் துருநீக்கி ஸ்பிரேயும் வேண்டாம். இந்தக் குழாய்கள் பல வகை ரப்பரில் வருகின்றன. அதில் ஈபிடிஎம் என்ற வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது, அதனால் எண்ணெய் எதுவுமே கிட்டே வரக்கூடாது. சிலிக்கான் ஸ்பிரே ரப்பரைக் கெடுக்காதுதான். ஆனால் அதன் ஆவி இன்ஜினுக்குள் போனால் புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பாழாக்கும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மாட்டிய பிறகும் வழுக்கல் அப்படியே இருக்கும், குழாய் மெல்ல நழுவி வெளியே வரப் பார்க்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள வண்டி என்றால் அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டே வந்துவிடும்.

நமக்கு வேண்டியது ஏற்றும்போது வழுக்கி, ஏறியதும் காணாமல் போகும் பொருள். சோப்புத் தண்ணீர் அதைத்தான் செய்கிறது. காய்ந்ததும் ரப்பர் உலோகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, கொஞ்சம் தண்ணீர். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவினால் போதும்.

அதற்கு முன் ரப்பரை இளக்க வேண்டும். கொதித்து இறக்கிய தண்ணீரில் குழாயின் வாய்ப்பகுதியை ஐந்து நிமிடம் முக்கி வையுங்கள். ஹீட் கன்னைத் தொடாதீர்கள். ரப்பர் ஓரிடத்தில் கருகும், பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் உயிருக்கே ஆபத்து. வெந்நீரிலிருந்து எடுத்த பிறகு உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம் போல. அதனால் கிளாம்பைக் குழாயில் கோத்து, சோப்பைத் தடவி, எல்லாவற்றையும் முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

நேராகத் தள்ளுவதுதான் பலரும் செய்யும் தவறு. கைக்கு எட்டாத அடிப்பக்க விளிம்பை முதலில் மாட்டிவிட்டு, கட்டைவிரல்களால் இரண்டு பக்கமும் சுற்றி மேலே வாருங்கள். சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றுகிற அதே கைவேலை. ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாக்க வேண்டாம். உள்விளிம்பில் அது போடும் சின்னக் கீறல் வெளியே தெரியாது, பின்னால் அங்கிருந்துதான் கிழியும்.

அப்படியும் ஏறவில்லையா? இடம்தான் போதவில்லை என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, அந்தப் பக்கத்தைத் தளர்வாக விடுங்கள். த்ரோட்டில் பாடியையே கழற்றி, மேசையில் வைத்துக் குழாயை மாட்டிவிட்டு மொத்தமாக இன்ஜினில் ஏற்றுவதும் நல்ல வழி. இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் ஒன்றைக் கூடுதலாக மாற்ற வேண்டியிருக்கும், பரவாயில்லை. அரை நாள் போராட்டத்தைவிட அது மேல். என் அனுபவத்தில் பழைய வண்டிகளில் பிளாஸ்டிக் முனைகள் உடைவது இடமில்லாமல் அமுக்கும்போதுதான்.

த்ரோட்டில் பாடி வாயின் முனையில் ஒரு மேடான வளையம் இருந்தால், கிளாம்ப் அதைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். கிளாம்பின் ஓரத்தில் ரப்பர் லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். ஓரிரு வாரம் ஓட்டிய பிறகு, இன்ஜின் ஆறியதும் ஒருமுறை பாருங்கள். ரப்பர் அமர்ந்திருக்கும், கால் சுற்று தேவைப்படலாம்.

கடைசியாக, கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மீட்டருக்குப் பின்னால் நுழையும் காற்று கணக்கில் வராது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம் குலைந்து, கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஏறி இறங்கும். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, இணைப்பின் மேல் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். எக்ஸாஸ்டிலும் மின் இணைப்புகளிலும் படக்கூடாது. சத்தம் மாறினால் அங்கேதான் கசிகிறது. கிளாம்பை இன்னும் முறுக்காதீர்கள். கழற்றி, விளிம்பு எங்காவது உள்ளே மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.