காசுமாலையில இருந்து கழட்டின காசை ‘ரேர்’னு வித்துட்டாங்க, பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் சார். கும்பகோணம் பக்கம் ஒரு ஸ்கூல்ல வேலை பாக்கறேன். பொண்ணுக்கு சேத்து வைக்கலாம்னு போன சித்திரையில ஒரு நகைக்கடையில ரெண்டு பழைய ராஜா தலை பவுன் காசு வாங்கினேன். 1918-ல பாம்பேல அடிச்சது, ரொம்ப ரேர், கை படாத காசு, வருஷம் ஆக ஆக விலை ஏறும்னு சொல்லி ஒண்ணு 95,000 போட்டாங்க. அன்னிக்கு 22 காரட் கிராம் 9,000. பில் கேட்டதுக்கு எஸ்டிமேட் சீட்டுதான் குடுத்தாங்க. இப்ப வேற கடையில காட்டினா, தங்கம் சரிதான், ஆனா காசுமாலையில இருந்து கழட்டினது, வளையம் பத்தவச்ச தடம் இருக்கு, எடையும் 7.90 தான், தங்க ரேட்டுக்கு மேல ஒரு ரூபா தர முடியாதுங்கறாங்க. வித்தவரோ “தங்கம் தங்கம்தானேம்மா, இதுல என்ன குறை”ங்கறார். கேஸ் போட முடியுமா? இன்னொண்ணு, எங்க தெருவுல ஒரு வீட்டுல இதே மாதிரி எட்டு காசு விலைக்கு வருது. சிங்கப்பூர்ல இருக்கற தம்பி, வாங்கி வை அங்க நல்ல விலைக்கு தள்ளிடலாம்ங்கறான். வாங்கலாமா?

பதில்: வணக்கம்மா. கேஸ் போடலாம். ஆனா எதுக்குன்னு போடறோம்ங்கறதுல தப்பு பண்ணிட்டா அந்த கடைக்காரர் சொன்ன அதே ஒரு வரியிலேயே உங்க கேஸ் காலி ஆயிடும். “தங்கம் தங்கம்தானே”ன்னு அவர் சொல்றது பொய் இல்ல பாருங்க. நீங்க வாங்கினது சவரன்ங்கற பிரிட்டிஷ் பவுன் காசு, அது 22 காரட், 7.988 கிராம், அதுல சுத்தத் தங்கம் 7.32 கிராம். உங்க காசும் 22 தான்னு ரெண்டாவது கடையே சொல்லிட்டாங்க, அதனால தங்கத்துல ஏமாத்திட்டாங்கன்னு எழுதினா நிக்காது.

நீங்க ஏமாந்தது காசோட இன்னொரு விலையில. பழைய காசுக்கு ரெண்டு விலை உண்டு, ஒண்ணு உருக்கினா வர்ற விலை, இன்னொண்ணு சேகரிக்கறவங்க குடுக்கற விலை. 7.90 கிராம், 9,000 ரூபான்னா 71,100. நீங்க குடுத்தது 95,000, ஆக ஒரு காசுக்கு 23,900, ரெண்டுக்கும் 47,800 ரூபா அதிகம். ஜிஎஸ்டின்னு அவர் சொல்லவும் முடியாது, தங்கத்துக்கு 3 சதவீதம்தான், அதுக்கும் பில்லு இல்ல. இந்த 47,800 முழுக்க ‘ரேர்’, ‘கை படாதது’ங்கற ரெண்டு வார்த்தைக்கு நீங்க குடுத்த பணம். நம்ம கேஸ் அந்த ரெண்டு வார்த்தையைப் பத்தினதுதான்.

அதுல ரேர்ங்கறதை முதல்ல பாப்போம். 1918-ல பாம்பே மின்ட்ல சவரன் அடிச்சது உண்மை, ஆனா அடிச்சது கிட்டத்தட்ட 13 லட்சம் காசு! நம்ம ஊர்ல எத்தனை பாட்டி கழுத்துல கிடந்திருக்கும் யோசிச்சுப் பாருங்க. அந்த ஒரு வருஷம்தான் பாம்பேல அடிச்சாங்கங்கறதால கொஞ்சம் கூட குடுத்து வாங்கறவங்க இருக்காங்க, அது நல்ல காசா இருந்தா. ஒரு லென்ஸ் வச்சு காசோட பின்பக்கம் குதிரைக்குக் கீழ, வருஷத்துக்கு மேல இருக்கற தரையில குட்டியா ஆங்கில ‘ஐ’ எழுத்து இருக்கான்னு பாருங்க, அதான் பாம்பே முத்திரை. ‘எம்’னா மெல்போர்ன், ‘பி’ன்னா பெர்த், ‘எஸ்’ஸுன்னா சிட்னி. ஒரு எழுத்தும் இல்லன்னா உடனே எனக்கு சொல்லுங்க, ஏன்னா எழுத்து இல்லாதது லண்டன் காசு, 1918-ல லண்டன்ல சவரன் அடிக்கவே இல்ல, அப்ப அந்த காசு மேலயே சந்தேகம் வந்துடும், கேஸும் வேற மாதிரி போயிடும்.

அடுத்து கை படாதது. இது சுத்தப் பொய், நல்லவேளையா நிரூபிக்கறதும் சுலபம். காசுமாலைக்கு கோக்கும்போது ராஜா தலைக்கு மேல விளிம்புல வளையத்தை பத்தவைப்பாங்க, அப்பறம் கழட்டி அரம் போட்டு தேச்சு விடுவாங்க. காசோட விளிம்புல இருக்கற பல்லு அந்த எடத்துல மட்டும் மழுங்கியோ கோடு கோடாவோ இருக்கும். எடையும் காட்டிக் குடுக்குது, பிரிட்டன்லயே 7.937 கிராமுக்குக் கீழ தேஞ்ச சவரனை செலாவணிக்கு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு, உங்களுது 7.90. அமெரிக்காவுல காசுக்கு 70 மார்க் அளவுல கிரேடு போட்டு டப்பாவுல அடைச்சு குடுக்கற என்ஜிசி, பிசிஜிஎஸ் மாதிரி கம்பெனிகள் இருக்கு, அவங்ககிட்ட போனாலும் வளையம் வச்ச காசுக்கு சாதாரண கிரேடு நம்பர் போட மாட்டாங்க, டேமேஜ்னு தனியா எழுதித்தான் குடுப்பாங்க.

இப்ப சட்டம். எல்லாரும் உங்ககிட்ட ஹால்மார்க்கைப் பாத்துக்கற மத்திய அரசு அமைப்பு பிஐஎஸ்க்கு எழுதுங்க, ஹால்மார்க் ரூல்ல ரெண்டு மடங்கு நஷ்டஈடு கிடைக்கும்னு சொல்லியிருப்பாங்க. அந்த ரூல் இருக்கறது நிஜம், 2018 பிஐஎஸ் விதிகள்ல 49-வது விதி, ஆனா அது ஹால்மார்க் போட்ட பொருள்ல சுத்தம் குறைஞ்சாத்தான். உங்க காசுல ஹால்மார்க்கே கிடையாது, போடாததும் தப்பில்ல, கட்டாய ஹால்மார்க் உத்தரவுல காசு வடிவ தங்கத்துக்கு விலக்கு உண்டு. அந்தப் பக்கம் போய் நேரத்தை விடாதீங்க.

நமக்கு வேண்டியது 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம், பிரிவு 2(47), நியாயமற்ற வணிக நடைமுறை. ஒரு பொருள் இன்ன தரம், இன்ன கிரேடுன்னு பொய்யா சொன்னாலே அதுக்குள்ள வந்துடும், வாயால சொன்னாலும் சேத்திதான். பில் குடுக்காததும் அதே பிரிவுல தனிக் குத்தம். ஆனா “வருஷம் ஆக ஆக ஏறும்”ங்கறதை மட்டும் பெருசா பிடிச்சுக்காதீங்க, அது வியாபாரப் பேச்சுன்னு எதிர்த்தரப்பு வக்கீல் தள்ளிடுவார். கை படாததுங்கறது அப்படி இல்ல, அது உண்மையா பொய்யான்னு சோதிச்சுப் பாக்கக்கூடிய விஷயம்.

ஆதாரம் என்ன இருக்குன்னு நீங்க எழுதல. கடைக்காரர் காசோட போட்டோ, விலை எதாவது வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தா அந்த போனை மாத்தாதீங்க, சாட்டை அழிக்காதீங்க. எஸ்டிமேட் சீட்டு வெறும் துண்டுன்னு நினைக்க வேண்டாம், எடையும் விலையும் அவர் கையெழுத்துல இருக்குல்ல, அதுல தங்கம் 7.988-னு போட்டிருந்தா 7.90-ஐ 7.988-னு வித்த கணக்கும் சேந்துடும். பேங்க் மூலமா பணம் போயிருந்தா ஸ்டேட்மென்ட் எடுங்க. முக்கியமா ரெண்டு காசையும் புளி போட்டு தேய்க்கறது, பாலிஷ் பண்றது எதுவும் வேண்டாம், உருக்கவே உருக்காதீங்க. என்கிட்ட வந்த ஒரு அம்மா கோவத்துல காசை வளையலுக்கு போட்டுட்டு வந்து கேஸ் போடணும்னாங்க, நான் எதைக் கொண்டுபோய் கோர்ட்ல காட்டறது?

முதல்ல ரிஜிஸ்டர் தபால்ல 15 நாள் டைம் குடுத்து ஒரு நோட்டீஸ். பாதிப் பேர் அதுலயே பேச வந்துடுவாங்க, கடைப்பேர் கெடும்னு. வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கின நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், ஆன்லைன்லயும் போடலாம், வக்கீல் இல்லாம நீங்களே கூட நடத்தலாம் (வக்கீலா இருக்கற நானே இதை சொல்றேன் பாருங்க). சோதிச்சாத்தான் தெரியும்ங்கற குறையா இருந்தா ஆணையமே காசை சீல் வச்சு லேபுக்கு அனுப்ப பிரிவு 38-ல வழி இருக்கு. அனுப்பும்போது ஒரு ஜாக்கிரதை, கடையில வைக்கற காரட் மெஷின் மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும், பத்தவச்ச எடத்துல வச்சா, பத்தவைக்கப் போட்ட பொடியோட கலப்பால காரட் கம்மியா காட்டும், அதைப் பாத்துட்டு தங்கமே மட்டம்னு எழுதிடாதீங்க.

என்ன கேக்கணும்ங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. காசைத் திருப்பிக் குடுத்துட்டு 1,90,000 வாங்கிக்கறேன்னு எழுதினா, இன்னிக்கு தங்க ரேட் அன்னிக்கு விட ஏறியிருந்தா அந்த ஏத்தம் முழுக்க கடைக்காரருக்குப் போயிடும், அவர் சந்தோஷமா ஒத்துக்குவார். ரேட்டைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஏறியிருந்தா காசு உங்ககிட்டயே இருக்கட்டும், அதிகமா வாங்கின 47,800-ம் வட்டியும் மன உளைச்சலுக்கும் செலவுக்கும் தொகையும் கேளுங்க. போலீஸ் கம்ப்ளெயின்ட் இப்ப வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம். ஐபிசிக்கு பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 318 மோசடி பிரிவுக்கு ஆரம்பத்துலயே ஏமாத்தற எண்ணம் இருந்ததைக் காட்டணும், அவர் “எனக்கே தெரியாது, வந்த காசை வித்தேன்”னா ஸ்டேஷன்ல சிவில் மேட்டர்னு அனுப்பிடுவாங்க.

அந்த எட்டு காசுக்கு வர்றேன். வீட்டுக்காரங்க வியாபாரி இல்ல, அதனால அவங்க மேல நுகர்வோர் ஆணையம் போக முடியாது, அப்பறம் தகராறுன்னா சிவில் கோர்ட்தான், ஒப்பந்தச் சட்டம், சரக்கு விற்பனைச் சட்டம்னு இழுக்கும். அதனால ரேர் பேச்சே எடுக்காம எடைக்கு எடை தங்க விலைக்கு குடுத்தா மட்டும் வாங்குங்க. ஒவ்வொண்ணா எடை போடுங்க, ஸ்கேல் வச்சு அகலம் 22 மில்லிமீட்டர் இருக்கான்னு பாருங்க, எடை சரியா இருந்து அகலமோ தடிமனோ கூடியிருந்தா உள்ள வேற உலோகம். காசோட நடுவுல, விளிம்புலன்னு ரெண்டு மூணு எடத்துல காரட் பாத்துக்கங்க. யாரு, எப்படி வந்துச்சு, எத்தனை கிராம்னு எழுதி கையெழுத்தும் ஆதார் ஜெராக்ஸும் வாங்கி, பணத்தை பேங்க் வழியா குடுங்க, நாளைக்கு திருட்டுப் பொருள்னு யாராவது வந்து நின்னா உங்களைக் காப்பாத்தறது அந்த பேப்பர்தான். கொல்லையில தோண்டும்போது கிடைச்சதுன்னு சொன்னா பக்கத்துலயே போகாதீங்க, புதையலை கலெக்டருக்கு சொல்லணும்னு 1878-ல இருந்து சட்டம் இருக்கு.

தம்பிகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. 100 வருஷம் தாண்டின காசு 1972 தொல்பொருள் சட்டத்துல தொல்பொருள் கணக்குல வந்துடும், அதை தனி ஆள் வெளிநாட்டுக்கு கொண்டுபோகக் கூடாது. 1918 காசை பர்ஸ்ல போட்டுக்கிட்டு திருச்சி ஏர்போர்ட்ல மாட்டினா அது காசு விலையோட முடியற விஷயம் இல்ல. நோட்டீஸ் எழுதறதுக்கு முன்னாடி அந்த ‘ஐ’ எழுத்து இருக்கான்னு மட்டும் பாத்து எழுதுங்க.