காந்தத்தால் நசுக்கும் அணுக்கரு இணைவு ஆய்வில் நிலையின்மையை ஏன் இன்னும் ஒழிக்க முடியவில்லை?

"இத்தனை வருஷமாகியும் இதைக்கூடச் சரிசெய்ய முடியலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்த மாணவர் போல, எனக்குக் கோபமில்லை, ஆனால் அந்த 'இதைக்கூட' கொஞ்சம் சுட்டுவிட்டது.

கோலாலம்பூரில் படித்தபோது (எங்கே என்று வேண்டாம்) எனக்குக் கிடைத்தது 3 கிலோஜூல் பிளாஸ்மா ஃபோக்கஸ் (மின்னோட்டத்தின் காந்தப்புலத்தாலேயே பிளாஸ்மாவை, அதாவது மின்னேறிய சூடான வாயுவை, நசுக்கும் கருவி), 1980களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சிங் லீ குழுவினர் உருவாக்கிய சின்னக் கருவியின் வகை. மின்தேக்கியை 15 கிலோவோல்ட்டுக்கு ஏற்றிச் சுட்டால் ஆசிலாஸ்கோப்பில் தெரியும் மின்னோட்டக் கோட்டில் சட்டென்று ஒரு பள்ளம் விழ வேண்டும், விழுந்தால் பிளாஸ்மா ஒழுங்காக நசுங்கியிருக்கிறது. எனக்கு ஒரு வாரம் பள்ளமே இல்லை. கடைசியில் லேப் அண்ணன் கருவியைப் பிரித்து, நடுக்கம்பியின் அடியிலிருக்கும் கண்ணாடிக் குழாயில் டார்ச் அடித்துக் காட்டினார்: என் கட்டைவிரல் ரேகை, காலையில் தின்ற ரொட்டி சானாய் எண்ணெயோடு. "தம்பி, கரண்டு முதல்ல ஊர்ந்து போறதே இது மேலதான்லா." துடைத்த பிறகும் ஏழெட்டு ஷாட் வீணாகித்தான் பள்ளம் வந்தது. அந்த அசிட்டோனும் துணியும் என் காசு, 46 ரிங்கிட், மூன்று தடவை ரசீது கொடுத்தும் இன்றுவரை வரவில்லை, சரி, அதை விடுங்கள்.

நிபுணர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: என்னுடையது மின்னோட்டம் சமமாகப் படராத கோளாறு, நீங்கள் கேட்கும் ரேலி-டெய்லர் நிலையின்மை (கனமானதை லேசானது தள்ளும்போது எல்லையில் மேடுபள்ளம் பெருகுவது) வேறு. ஆனால் இரண்டிலும் விதை எங்கே விழுந்தது என்றுதான் தேட வேண்டும். அமெரிக்காவில் சாண்டியா ஆய்வகத்தின் இசட் இயந்திரத்தில் பெரிலியம் என்ற உலோகத்தில் செய்த உருளையின் சுவர் வழியாகச் சுமார் 2 கோடி ஆம்பியர் 100 நானோ விநாடியில் ஏறி, அதன் காந்தப்புலம் உருளையை உள்நோக்கி நசுக்குகிறது. கனமான உலோகத்தை எடையே இல்லாத காந்தப்புலம் தள்ளுகிறது, எண்ணெய் மேல் தண்ணீரை நிறுத்திவைக்கிற கதை, சின்ன மேடுகூடப் பெருகும். இதை ஒழிக்க முடியாது, தள்ளிப்போடலாம். பரப்பை வழவழப்பாகக் கடைந்தாலும் போதவில்லை, ஏனென்றால் சூடேறிய இடத்தில் மின்தடை கூடி, அதனால் இன்னும் சூடேறி, உலோகமே பட்டை பட்டையாக விதை போட்டுக்கொள்கிறது. அதைத் தடுக்க உலோகத்தின் மேலே எப்பாக்சி போன்ற மின்கடத்தாப் பூச்சு பூசினார்கள், நன்றாகவே குறைந்தது. நீளவாக்கில் காந்தப்புலம் வைத்தால் வளையம் வளையமாக வந்த மேடுகள் திருகாணி மாதிரி சாய்ந்துவிடுகின்றன, அது தனிக் கூத்து.

இன்னொரு வழி சுவரைத் தடிமனாக்குவது. எளிதில் கிழியாது, ஆனால் மெதுவாகத்தான் நசுங்கும். அந்த மந்தத்தை ஈடுகட்டத்தான் உள்ளே இருக்கும் இணைவு எரிபொருளான டியூட்டீரியத்தை (கன ஹைட்ரஜன்) லேசரால் முன்கூட்டியே சூடாக்கி வைக்கிறார்கள்.