அந்த நாளும் அந்த நாழிகையும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வடசென்னை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிறிஸ்துவின் இரண்டாம் வருகையையும் அதைப் பற்றிய தீர்க்கதரிசனங்களையும் குறித்தே இருந்ததால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். சிலர் பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

*ஐயா, என் கணவர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சில மாதங்களாக வெளியூர் ஊழியர் ஒருவர் நடத்தும் இரவுக் கூட்டத்துக்குப் போய் வருகிறார். தானியேல் புத்தகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கர்த்தருடைய வருகைக்கு இன்னும் மூன்று வருடம்கூட இல்லை என்று அங்கே சொல்கிறார்களாம். மகளுக்காகத் திருவொற்றியூரில் வாங்கிப் போட்ட அரை கிரவுண்டை விற்று ஊழியத்துக்குக் கொடுத்துவிடலாம், அவளுக்குக் கல்லூரியும் இனி எதற்கு என்கிறார். மறுத்துப் பேசினால் என்னை அவிசுவாசி என்கிறார். நான் என்ன செய்வது? — ஒரு சகோதரி, காசிமேடு*

சகோதரி, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கிறிஸ்து மறுபடியும் வருவார் என்று நம்புவது வேறு. அவர் இன்ன வருடம் வருவார் என்று நம்புவது வேறு. முன்னது எல்லாச் சபைகளும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுவது. பின்னதை மறுப்பவர் நீங்கள் மட்டுமல்ல, “அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான், பரலோகத்திலுள்ள தூதர்களும் அறியார்கள்” என்று மத்தேயு 24-ஆம் அதிகாரத்தில் மறுத்திருப்பவர் இயேசுவே. மாற்கு இன்னும் ஒரு படி மேலே போய், குமாரனும் அறியார் என்று எழுதியிருக்கிறார். ஆகையால் அவிசுவாசி என்ற பட்டத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

உங்கள் கணவர் கேட்டு வரும் கணக்கு புதிதன்று. இத்தகைய கூட்டங்களில் மேடைக்குப் பின்னே தொங்கும் துணிப்படத்தை நானும் பார்த்திருக்கிறேன்: பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால்கள், இரும்பும் களிமண்ணும் கலந்த பாதங்கள் என்று தானியேல் 2-ஆம் அதிகாரத்துச் சிலை நிற்கும், அதன் பக்கத்தில் அம்புக்குறிகளும் வருடங்களும் வரிசையாக இருக்கும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பாப்டிஸ்டு பிரசங்கியார் இதைத்தான் செய்தார். தானியேல் 8:14-இல் வரும் 2300 நாளை, ஒரு நாளுக்கு ஒரு வருடம் என்ற முறையில் 2300 வருடமாக்கி, கி.மு. 457-ஐத் தொடக்கமாக வைத்துக் கழித்தபோது அவருக்குக் கிடைத்தது 1843. அந்த வருடத்தில் ஒன்றும் நடவாமல் போகவே, கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் நடுவே பூஜ்ய வருடம் கிடையாது என்பதைச் சேர்த்துக்கொண்டு கணக்கு 1844-க்கு நகர்ந்தது. அவருடைய இயக்கத்தார் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் நிலத்திலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 23-ஆம் தேதி வழக்கம்போல் விடிந்தது. எங்கள் நாள் வரையிலும் இது ஓயவில்லை: ஹெரால்டு கேம்பிங் என்ற வானொலிப் போதகர் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார், அடுத்த வருடம் அப்படி நாள் குறித்தது பாவம் என்று தாமே எழுதினார். அதற்குள் அவரை நம்பிச் சேமிப்பையெல்லாம் கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

நான் உங்கள் கணவரோடு பேசுவதாயிருந்தால் இந்தக் கணக்குகளைப் பற்றி அதிகம் வாதாட மாட்டேன். கணக்கில் தோற்றவர் வேறொரு கணக்கைத் தேடிக்கொண்டு போவார். எரேமியாவை வாசிக்கச் சொல்வேன். பாபிலோனுக்குச் சிறைபோனவர்கள் இரண்டே வருடத்தில் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி எருசலேம் ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக நாள் குறித்துச் சொன்னான். ஜனங்களுக்கு அது இனித்தது. எரேமியாவோ எழுபது வருடம் என்றார். அது மட்டுமல்ல, “வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்” என்று சிறைபோனவர்களுக்குக் கடிதமே எழுதினார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு, பாபிலோன் ராஜாவின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, நகரம் விழப்போகிறது என்று தெரிந்திருந்தும், எரேமியா ஆனதோத்திலிருந்த ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்துக் கிரயப்பத்திரம் எழுதி, அது அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். முடிவு நெருங்குகிறது என்று உண்மையாகவே அறிந்திருந்த ஒரு தீர்க்கதரிசி நிலத்தை வாங்கியிருக்கும்போது, நாம் ஏன் விற்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள்.

புதிய ஏற்பாட்டிலும் இதே நிலைமை வந்தது. தெசலோனிக்கேயாவில் கர்த்தருடைய நாள் வந்தேவிட்டது என்று சிலர் கலங்கினார்கள். அதே சபையில் சிலர் வேலையை விட்டுவிட்டுச் சுற்றித் திரிந்தார்கள். அவர்களுக்குப் பவுல் எழுதிய மருந்து கசப்பானது: வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது.

இனி நடைமுறை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரிலோ இருவர் பெயரிலோ இருந்தால், உங்கள் கையெழுத்தில்லாமல் உங்கள் பங்கை விற்க இயலாது, ஆகவே எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். உங்கள் சொந்தச் சபைப் போதகரை வீட்டுக்கு அழைத்து, கணவர் முன்னிலையிலேயே பேசச் சொல்லுங்கள். அந்த ஊழியரிடம் நேரில் கேட்பதற்கு ஒரு கேள்வியும் உண்டு: மூன்று வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றால், நிலம் விற்ற பணம் அவருக்கு எதற்கு? மகளின் கல்லூரிக் கட்டணத்தை இந்தப் பருவத்துக்கும் தவறாமல் கட்டிவிடுங்கள்.

*வெளிப்படுத்தின விசேஷம் 8-ஆம் அதிகாரத்தில் இரண்டாம் தூதன் எக்காளம் ஊதும்போது கடலில் மூன்றில் ஒரு பங்கு இரத்தமாகி, ஜீவராசிகளில் மூன்றில் ஒரு பங்கு சாகிறது, கப்பல்களும் சேதமாகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கழிமுகம் முழுவதும் எண்ணெய் பரவி, மீன் செத்து, படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. அந்த வசனம் இங்கே நிறைவேறியதாகவே எங்கள் பகுதியில் பலர் பேசினார்கள். சரியா? — ஒரு வாசகர், எண்ணூர்*

சரியல்ல. மிக்ஜாம் புயலின் மழைநீரோடு கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் பரவியது தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய். அதற்கு எக்காளம் ஊதியவர் தூதன் அல்லர். யோவான் கண்ட தரிசனத்தில் வரும் எக்காளங்கள் எகிப்தின் வாதைகளை நினைவுபடுத்தும் மொழியில் எழுதப்பட்டவை. பார்வோனைப் போன்ற ஆட்சிகளின் மேல் வரும் நியாயத்தீர்ப்பை அவை சொல்கின்றன. வலையைக் கழுவ முடியாமல் எரித்துப்போட்ட ஒரு மீனவரை அந்தத் தீர்ப்புக்கு உட்பட்டவராக வைத்துப் பேசுவது எனக்கு வருத்தத்தைத் தருகிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுனாமி வந்தபோதும் இப்படித்தான் பேசினார்கள். கரையோரக் குப்பங்களில் உயிர்போனவர்கள் அதிகப் பாவிகளா என்ற கேள்விக்கு, சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைக் குறித்து இயேசு லூக்கா 13-இல் சொன்ன பதிலே போதுமானது. அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்றார் அவர்.

எண்ணூருக்குப் பொருத்தமான வசனம் அந்தப் புத்தகத்திலேயே வேண்டுமென்றால் மூன்று அதிகாரம் தள்ளிப் படியுங்கள். 11:18-இல், ஏழாம் எக்காளத்தின்போது, “பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்க” காலம் வந்தது என்று மூப்பர்கள் பாடுகிறார்கள். அழிவைத் தீர்க்கதரிசனத்தின் கணக்கில் எழுதிவிட்டால் அழித்தவரிடம் கேள்வி கேட்பவர் இல்லாமல் போய்விடுவார்கள். இந்த வசனமோ கேள்வி கேட்கச் சொல்கிறது. இழப்பீட்டுக்கான மனு இன்னும் நிலுவையில் இருந்தால் அதைப் பின்தொடர்வது விசுவாசக் குறைவு ஆகாது.

*ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்தால்தான் அரிசி தருகிறார்கள். இது 666 முத்திரையின் ஆரம்பம் என்று என் மாமியார் கடைக்கே போக மறுக்கிறார். அந்த எண்ணுக்கு என்ன பொருள்? — ஒரு வாசகி, வியாசர்பாடி*

மாமியாரின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் கூடாது என்று வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பதை அவர் சரியாகவே வாசித்திருக்கிறார். ஆனால் அடுத்த அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே ஆட்டுக்குட்டியானவரோடு நிற்பவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதப்பட்டிருக்கிறது. மிருகத்தின் முத்திரையைப் பெற்றவர்களோ மிருகத்தையும் அதன் சொரூபத்தையும் வணங்குகிறவர்கள். ஆக, யாரை வணங்குகிறோம் என்பதன் அடையாளம்தான் அந்த முத்திரை. அறியாமல் விரலை வைத்ததால் ஒருவர் மேல் அது விழுந்துவிடாது. இயந்திரம் எடுப்பது அவருடைய ரேகையை மட்டுமே.

எண்ணைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ரோமப் பேரரசன் நேரோவின் பெயரை ‘நேரோன் கேசர்’ என்று கிரேக்க உச்சரிப்பின்படி எபிரெயத்தில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, 100, 60, 200, மொத்தம் 666. சில பழைய கைப்பிரதிகளில் 616 என்றும் இருக்கிறது. லத்தீன் உச்சரிப்பைப் பின்பற்றி ‘நேரோ’ என்று கடைசி எழுத்தை விட்டுவிட்டால் அதன் மதிப்பான 50 குறைந்து சரியாக 616 வருகிறது. ரோமில் கிறிஸ்தவர்களைக் கொன்ற அந்த ராயனையே யோவானின் முதல் வாசகர்கள் நினைத்திருப்பார்கள் என்று வேத அறிஞர் பலர் கருதுவதற்கு இதுவே காரணம். இரண்டாம் நூற்றாண்டிலேயே லியோன் நகரத்து அத்தியட்சரான இரேனியு, இந்த எண்ணுக்குப் பல பெயர்கள் பொருந்தும், ஊகித்துப் பெயர் சொல்வது ஆபத்து என்று எச்சரித்திருக்கிறார். அவர் சொல்லைக் கேட்டிருந்தால் போப்பு, நெப்போலியன், பார்கோடு, தடுப்பூசி என்று பட்டியல் இவ்வளவு நீண்டிருக்காது. இப்போதைக்கு மாமியாரின் அட்டைக்கு நீங்களே போய் ரேகை வைத்து அரிசி வாங்கி வாருங்கள். குடும்ப அட்டையில் பெயருள்ள யாரும் வைக்கலாம்.

*என் அம்மா பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகிறவர்; நான் திருமணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். எங்கள் சபையில் ‘இரகசிய வருகை’ என்கிறார்கள். அம்மாவோ அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி? — ஒரு வாசகி, பெரம்பூர்*

கிறிஸ்து முதலில் ஆகாயத்தில் வந்து சபையை எடுத்துக்கொள்வார், அதன்பின் ஏழு வருட உபத்திரவ காலம், அதன்பின் எல்லோரும் காண அவர் பூமிக்கு வந்து ஆயிரம் வருடம் அரசாளுவார் என்று வரிசைப்படுத்தும் போதனையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஜான் நெல்சன் டார்பி என்ற, பிரதரன் சபைப் பிரிவைச் சேர்ந்த போதகர், காலம் 1830-கள். 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுபோயிற்று. பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் அதை அப்படியே ஏற்றன. கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன், சி.எஸ்.ஐ. போன்ற பழைய சபைகளும் அதைப் போதிப்பதில்லை. பழங்காலத் திருச்சபை அறிஞரான அகஸ்டின் காலத்திலிருந்து அவை ஆயிரம் வருடத்தைச் சபையின் இந்தக் காலத்துக்கே பொருத்தி வாசித்து, ஒரே வருகை, ஒரே நியாயத்தீர்ப்பு என்று நம்பி வருகின்றன. உங்கள் அம்மா கேள்விப்படாததில் வியப்பில்லை. ஆனால் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை ‘திருவருகைக் காலம்’ என்று அவர் ஆசரிக்கிறாரே, அதில் இரண்டாம் வருகைக்கான காத்திருப்பும் அடங்கியிருக்கிறது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், 1 தெசலோனிக்கேயர் 4-இல் ஆரவாரமும் பிரதான தூதனுடைய சத்தமும் தேவ எக்காளமும் இருக்கும்போது அதில் இரகசியத்தைக் காண்பது எனக்குக் கடினமாகவே இருக்கிறது. உங்கள் சபையார் வெளிப்படுத்தின விசேஷம் 3:10-ஐக் காட்டுவார்கள். சோதனைகாலத்துக்குத் தப்பும்படி காப்பேன் என்ற வாக்கு அங்கே இருப்பதும் உண்மைதான். ஆனால் பவுல் அந்தப் பகுதியை, செத்துப்போன தங்கள் உறவினரை நினைத்து அழுதவர்களுக்காக எழுதினார். “இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்” என்று முடித்தார். அதை வைத்து அம்மாவை ‘நீங்கள் கைவிடப்படுவீர்கள்’ என்று பயமுறுத்தாதீர்கள்.

*1948-இல் இஸ்ரேல் உருவானது அத்திமரம் துளிர்த்ததன் நிறைவேறுதல்தானே? — ஒரு வாசகர், தண்டையார்பேட்டை*

அத்திமரம் துளிர்க்கும்போது வசந்தகாலம் சமீபம் என்று அறிவதுபோல இந்த அடையாளங்களையும் அறியுங்கள், இவையெல்லாம் நடக்குமுன் இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்று இயேசு சொன்ன உவமையைக் கேட்கிறீர்கள். லூக்கா இதே உவமையை “அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்” என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் மற்ற மரங்கள் எந்தெந்த நாடுகள்? 1948-உடன் ஒரு சந்ததிக்கு நாற்பது வருடம் கூட்டி 1988 என்று சொன்னவர்கள், அது கடந்ததும், எருசலேம் முழுவதையும் இஸ்ரேல் கைப்பற்றிய 1967-லிருந்து எண்ணத் தொடங்கினார்கள். ‘இந்தச் சந்ததி’ என்பது இயேசுவின் எதிரே நின்ற சந்ததி, அவர்கள் காலத்திலேயே கி.பி. 70-இல் எருசலேம் தேவாலயத்தை ரோமர் இடித்தபோது அந்தப் பகுதி நிறைவேறியது என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

*எங்கள் ஆலயத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தை வைத்து யாரும் பிரசங்கிப்பதில்லை. நானே வாசிக்க விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்? — ஓர் இளைஞர், ராயபுரம்*

தயங்குவதில் உங்கள் போதகர் தனியாக இல்லை. புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதிக்கு விளக்கவுரை எழுதிய சபைச் சீர்திருத்தவாதி கால்வின் இந்தப் புத்தகத்துக்கு எழுதவில்லை. முதலில் 1 தெசலோனிக்கேயரை ஒரே அமர்வில் வாசியுங்கள். பிறகு மாற்கு 13. பிறகு தானியேல் முதல் ஆறு அதிகாரங்கள். அதன்பின் வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்து, ஏழு சபைகளுக்கான கடிதங்கள் இருக்கும் 2, 3 அதிகாரங்களில் சில நாள் தங்குங்கள். எபேசு, சிமிர்னா, பெர்கமு எல்லாம் இன்றைய துருக்கியில் இருக்கும் உண்மையான ஊர்கள் என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்விட்டு வாசியுங்கள், அந்தப் புத்தகம் சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்காக எழுதப்பட்டது. விளக்கப் படங்களும் காணொளிகளும் 22-ஆம் அதிகாரத்தை முடித்த பிறகு போதும்.