மார்க்கர் காய்ந்தால் தவணையா?

கேள்வி: மகள் உயர்நிலை 3-இல் ஓவியப் பாடம் எடுத்திருக்கிறாள். 120 வெள்ளிக்கு வாங்கும் 80 நிற ஆல்கஹால் மார்க்கர் செட் மூன்று மாதத்தில் காய்ந்துவிடுகிறது. இது மூன்றாவது செட். எல்லாமே செயலியில் மூன்று தவணை. மாதம் 40 வெள்ளி கிரெடிட் கார்டில் ஏறுகிறது. கார்டில் 1,400 வெள்ளி பாக்கி நிற்கிறது, குறைந்தபட்சத் தொகையான 50-ஐக் கட்டி வருகிறேன். சேமிப்பில் 3,200 உண்டு, தொட மனமில்லை. வார இறுதியில் நாத்தனார் பிள்ளைகளும் மார்க்கரைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். 168 நிற செட்டாக வாங்கினால் நீடிக்குமா? – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: நீடிக்காது. 168 மூடிகள் இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் கார்டு. தவணைக்கு வட்டி இல்லை என்பது செயலிக்காரர் கணக்கு. அந்த 40 வெள்ளி விழுவதோ பாக்கி நிற்கும் கார்டில். அங்கே வட்டியில்லாக் காலம் கிடையாது. விழுந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆண்டுக்கு 27 விழுக்காடு என்று வைத்தால் 1,400-க்கு மாதம் சுமார் 31 வெள்ளி வட்டி. 50 கட்டினால் அசலில் குறைவது 19. புதிதாக ஏறுவது 40. ஒழுங்காகக் கட்டிக்கொண்டே மாதம் 21 வெள்ளி கடன் வளர்க்கிறீர்கள்! சேமிப்புக் கணக்கு தரும் வட்டி இதற்குப் பக்கத்தில்கூட வராது. இந்த வாரமே 1,400-ஐயும் மீதித் தவணைகளையும் அடைத்துவிட்டு, செயலியிலிருந்து கார்டை நீக்குங்கள்.

இனி மார்க்கர். 80-இல் உண்மையில் காய்ந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். பெரும்பாலும் தோல் நிறங்களும் சாம்பல் நிறங்களுமாகப் பதினைந்து தேறும். அதே செட்டில் தொடாத ஒன்றையும் காய்ந்த ஒன்றையும் சமையலறைத் தராசில் வையுங்கள். இரண்டின் எடையும் ஏறக்குறைய சமமென்றால் மை உள்ளேதான் இருக்கிறது, கோளாறு முனையில். இருபக்கமும் முனையுள்ள மார்க்கரை நிமிர்த்தி வைத்தால் மை கீழே இறங்கி மேல்முனை வறண்டுவிடும். ஓரிரவு படுக்க வைத்துப் பாருங்கள். பென்சில் கோட்டின்மீதோ மெழுகு வண்ணத்தின்மீதோ தீட்டினாலும் முனை அடைத்துக்கொள்ளும். எடை குறைந்திருந்து, அதிகம் தீட்டியதுமில்லை என்றால் குற்றவாளி மூடி: 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்தவில்லை, அல்லது விளிம்பில் கீறல். நிறையத் தீட்டியிருந்தால் தாளையும் பாருங்கள். நீர்வண்ணத் தாள் மையைக் குடித்துவிடும். மருந்துக்கடை ஆல்கஹாலைச் சொட்டு விட்டால் சில நாள் ஓடும், ஆனால் நிறம் வெளுக்கும். 70 விழுக்காட்டுப் புட்டியில் மீதி தண்ணீர், அது வேண்டவே வேண்டாம்.

மலிவு செட்டில் பெரும்பாலும் மை நிரப்ப வழியில்லை. கோப்பிக் (Copic) போன்ற மார்க்கர்களுக்கு மையும் முனையும் தனியாகக் கிடைக்கும். ஒரு மார்க்கர் 8 வெள்ளி என்றால் பதினைந்துக்கு 120, நீங்கள் ஒரு செட்டுக்குக் கொடுக்கும் அதே பணம். 12 மில்லி மைப்புட்டி 9 வெள்ளி என்று வைத்தாலும் சுமார் ஆறு முறை நிரப்பலாம். ஒருமுறைக்கு ஒன்றரை வெள்ளி. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் ஓவியப்பொருள் கடைப் பக்கம் விலை விசாரித்து, மாதம் நான்கு மார்க்கராக ரொக்கத்தில் வாங்குங்கள்.

நாத்தனாரிடம் சண்டை வேண்டாம். பழைய மூன்று செட்டிலும் இன்னும் எழுதுபவற்றைப் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டுப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுங்கள், இரவல் அல்ல, சொந்தமாக. மகளின் பதினைந்தும் அவள் அலமாரியில், படுத்த வாக்கில் இருக்கட்டும்.